அப்பாவின் எச்.எம்.டி. தப்பாக ஓடுதா, தம்பி?

தம்பி,

"அக்கா, வாட்ச் ஃபாஸ்ட்டா ஓடுது" என்கிறாய். எவ்வளவு என்று கேட்டால் "கொஞ்சம்". அடுத்த வாரம் "இப்ப ஸ்லோ" என்கிறாய். இந்தக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனால் அவரும் என்ன செய்வார்? பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன நெம்பை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு தள்ளு தள்ளி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். கொஞ்ச நாளில் மறுபடி அவர் வாசலில் நிற்பாய். அதனால் கடைக்குப் போகிறதுக்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து பார். ஒரு நோட்டு, பேனா, உன் போன், காலையில் இரண்டு நிமிஷம் போதும். காலேஜ் லேபில் பிள்ளைகளிடம் தினமும் தொண்டை கிழியச் சொல்வதைத்தான் உனக்கும் சொல்லப் போகிறேன்: எண் இல்லாத புகார் புகாரே இல்லை.

எவ்வளவு தப்பு இருக்கலாம்?

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நாளுக்கு 10 விநாடி தள்ளுகிற வாட்ச் 8,640-ல் ஒரு பங்குதான் பிசகுகிறது. அப்பாவுடையது மாதிரி சாவி கொடுக்கிற எச்.எம்.டி.யில், முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் வீல் விநாடிக்கு 5 அடி, மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000 அடி அடிக்கிறது. பேட்டரி கிடையாது. ஒரு சுருள்வில், சில பல் சக்கரங்கள், ஊசிமுனை அளவு எண்ணெய், அவ்வளவுதான். ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த வாட்ச் தொழில் அது. 2016-ல் மூட முடிவெடுத்துவிட்டார்கள். அதனால் உன் கையில் இருப்பதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று ஒன்றைத் தேடி அலையாதே.

புது வாட்ச்சே எவ்வளவு தள்ளலாம் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் குறையும். சீக்கோவின் 4ஆர்36 ஆட்டோமேட்டிக் இயந்திரத்துக்குக் கம்பெனியே சொல்லும் வரம்பு நாளுக்கு +45-லிருந்து −35 விநாடி. சுவிட்சர்லாந்தில் கோஸ்க் என்கிற சோதனை அமைப்பு "குரோனோமீட்டர்" சான்றிதழ் கொடுக்க 15 நாள், 5 கிடப்பு நிலை, 8, 23, 38 டிகிரி என்று 3 வெப்பநிலையில் வைத்து வாட்டி எடுக்கும். அதில் தேறுகிற இயந்திரத்துக்கே சராசரியாக −4-லிருந்து +6 வரை சலுகை உண்டு. உன் பேட்டரி வாட்ச் மாதத்துக்கு 15 விநாடிதான் தள்ளும். அதோடு இதை ஒப்பிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

என் கணக்கில், நல்லபடி சர்வீஸ் ஆன பழைய எச்.எம்.டி. நாளுக்கு 20 விநாடிக்குள் இருந்தால் தாராளமாகப் போதும். 30 வரைகூட நான் முகம் சுளிக்க மாட்டேன். அதைவிட முக்கியமான விஷயம் வேறு இருக்கிறது, வருகிறேன்.

இரண்டு எண்ணைக் குழப்பாதே

இந்த நிமிஷம் வாட்ச் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது ஒன்று. ஒரு நாளில் எவ்வளவு தள்ளுகிறது என்பது இன்னொன்று. நீ எனக்கு அனுப்புவதெல்லாம் முதல் வகை. "இப்ப ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டு." எப்போது சரி பண்ணி வைத்தாய்? தெரியாது. அப்படியானால் அந்த ரெண்டு நிமிஷத்தால் எனக்கும் பிரயோஜனமில்லை, கடைக்காரருக்கும் பிரயோஜனமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாகச் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டோமே, அதே பழக்கம்தான் இங்கேயும். காலை 7 மணிக்கு வாட்ச் 4 விநாடி முந்தி இருந்தால் நோட்டில் +4 என்று எழுது. நாளைக்கு அதே 7 மணிக்கு 15 விநாடி முந்தி இருந்தால் +15. கழித்தால் நாளுக்கு +11. முதல் நாள் +4 இருந்ததைப் பற்றிக் கவலையே வேண்டாம். பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இது ஏன் வசதி என்றால், சில வாட்ச்சில் சாவியை வெளியே இழுத்தால் செகண்ட் முள் நின்றுவிடும், சிலதில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிற்காத வாட்ச்சை விநாடி சுத்தமாகத் திருப்பி வைப்பது பெரும்பாடு. சாவியைப் பின்னால் அழுத்தித் திருப்பி முள்ளை நிறுத்தப் பார்க்கிற வித்தையெல்லாம் உனக்கு வேண்டாம். எங்கே நிற்கிறதோ அதை எழுதிக்கொண்டு ஆரம்பி. ஒரே ஒரு விஷயம்: நிமிஷ முள்ளை ஒழுங்காக வை. செகண்ட் முள் 12-ல் வரும்போது நிமிஷ முள் கோட்டின்மேல் துல்லியமாக நிற்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் தொங்கினால் நாலாவது நாள் "முந்தி 50 விநாடியா, பிந்தி 10 விநாடியா" என்று விழிப்பாய்.

எதை வைத்துச் சரி பார்ப்பது?

டிவியில் ஓடும் நேரத்தை நம்பாதே. டிஷ் வழியாக வரும்போது சில விநாடி பின்தங்கித்தான் வீட்டுக்கு வரும். போன் ஆப்பில் கேட்கும் ரேடியோவும் அப்படியே. அப்பா காலத்தில் ஆகாசவாணிச் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியை வைத்து வாட்ச்சைத் திருப்புவார்கள். வால்வு ரேடியோவிலோ டிரான்சிஸ்டரிலோ நேராக வந்த ஒலி அது, தாமதமே கிடையாது. அதே நிகழ்ச்சியை நீ இன்று இன்டர்நெட்டில் கேட்டால் அந்தப் பீப் தாமதமாகத்தான் வரும்.

போன் போதும். ஆனால் செட்டிங்கில் நேரம் "தானாக" என்று இருக்க வேண்டும், விநாடியும் காட்ட வேண்டும். வீட்டில் இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே விநாடியில் மாறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். மாறவில்லை என்றால் வைஃபையில் இணைத்து, தானியங்கி நேரத்தை ஒரு தடவை அணைத்து மறுபடி போடு. வாரம் முழுக்க ஒரே போனையே பயன்படுத்து. அம்மா போனில் ஒரு நாள், உன் போனில் ஒரு நாள் என்று மாற்றாதே.

நம் ஊருக்கும் இந்த விஷயத்தில் பெரிய சரித்திரம் உண்டு, தெரியுமா? நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானியல் கூடம்தான் மெட்ராஸ் நேரத்தைக் கணித்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தி. ரயில்வே வெகுகாலம் அந்த நேரத்தில்தான் ஓடியது. 1906 ஜனவரி 1-லிருந்துதான் 5 மணி 30 நிமிஷம் என்கிற இப்போதைய இந்திய நேரம். நட்சத்திரம் பார்க்கும் கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்னும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. இன்றைக்கு நம் நேரத்தை டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக்கடிகாரத்தை வைத்துக் காக்கிறது. சரி, நோட்டுக்கு வா.

படிக்கிற விதம்

முள்ளை நேர் மேலிருந்து பார். சாய்ந்து பார்த்தால் முள் ஒரு கோடு தள்ளித் தெரியும். இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது: பழைய வாட்ச்சில் டயலின் நடுவும் முள்ளின் நடுவும் மயிரிழை விலகி இருக்கலாம். அப்படி இருந்தால் 3 பக்கத்தில் சரியாகக் காட்டி 9 பக்கத்தில் ஒரு விநாடி பிசகும். அதனால் எப்போதும் செகண்ட் முள் 12-ஐத் தொடும் நொடியில் மட்டும் போனைப் பார். வாட்ச்சில் 7:05:00 ஆகும்போது போனில் 7:04:49 என்றால் +11. இதற்குக் கண் பழக வேண்டும். பழகவில்லை என்றால் போன் திரையும் வாட்ச்சும் ஒரே சட்டத்தில் விழுகிற மாதிரி இன்னொரு போனில் வீடியோ எடுத்து, நிறுத்திப் பார். தகராறே இல்லை.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "24-ஆல் பெருக்கினேன் அக்கா" என்று வந்துவிடாதே. படிப்பதில் ஒரே ஒரு விநாடி பிசகினால் போதும், பெருக்கும்போது அது நாளுக்கு 24 விநாடித் தப்பாக ஊதிப்போகும். வாட்ச் தள்ளுவதே அவ்வளவு இருக்காது. 24 மணி நேரம் விட்டுப் பார்த்தால் அந்தத் தப்பு 1 விநாடி. 7 நாள் கழித்துப் பார்த்து ஏழால் வகுத்தால் விநாடியில் ஏழில் ஒரு பங்கு. ஐந்து பைசா செலவில்லாமல் துல்லியம் கூடுகிறது, பொறுமை மட்டும்தான் விலை. உனக்குப் பொறுமை கிடையாது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் நோட்டு வாங்கச் சொன்னேன்.

சாவி கொடுப்பதும் தினம் ஒரே நேரத்தில். அப்பா பல் தேய்த்து முகம் துடைத்த கையோடு சாவி கொடுப்பார், ஞாபகம் இருக்கிறதா? அது சும்மா பழக்கமில்லை. சுருள்வில் ஒவ்வொரு நாளும் ஒரே இறுக்கத்தில் ஆரம்பித்தால்தான் ஓட்டமும் ஒரே சீராக இருக்கும். வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றி, மெதுவாக, இனிமேல் திரும்பாது என்று சாவியே சொல்லும்வரை கொடு. பெரும்பாலும் 25, 30 திருப்பில் நிற்கும். நின்ற பிறகு அழுத்தாதே. அலமாரியில் பல மாசம் தூங்கிய வாட்ச் என்றால் முதல் நாள் கணக்கை எழுதாதே, ஒரு நாள் ஓடவிட்டு மறுநாளிலிருந்து எழுது.

மாமாவுடைய பழைய சீக்கோ 5-ஐயும் சோதிக்கப் போகிறேன் என்றாயே, அதில் இருக்கும் 7எஸ்26 இயந்திரத்துக்குச் சாவியால் முறுக்கேற்ற முடியாது. கையில் கட்டிக்கொண்டு பகல் முழுக்க நடமாடு, இல்லையென்றால் டயல் மேலே இருக்க வைத்து வட்டமாக மெல்ல ஆட்டு. ஆட்டு என்றேன், தட்டு என்று சொல்லவில்லை.

தினம் தள்ளுவது முக்கியமில்லை, ஒரே மாதிரி தள்ளுகிறதா என்று பார்

நான் வருகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான். இரண்டு வாட்ச்சை எடுத்துக்கொள். முதல் வாட்ச் ஒரு வாரத்தில் தினமும் +12, +13, +11, +12, +12, +13, +11. கூட்டினால் 84 விநாடி, அதாவது ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் ஃபாஸ்ட். இரண்டாவது வாட்ச் +9, −7, +15, −12, +4, −10, +1. கூட்டிப் பார்: பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போனோடு விநாடி பிசகாமல் நிற்கும். நீ இரண்டாவதைத் தூக்கிக் கொஞ்சுவாய், முதலாவதைக் கடைக்கு எடுத்துப்போவாய்.

உண்மையில் கடைக்குப் போக வேண்டியது இரண்டாவதுதான். முதல் வாட்ச் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது. அந்த நெம்பை மயிரளவு நகர்த்தினால் ஐந்து நிமிஷத்தில் தீர்கிற வேலை. இரண்டாவதற்குள் எண்ணெய் காய்ந்திருக்கலாம், அழுக்கு இருக்கலாம், ஏதோ ஒரு முனை தேய்ந்திருக்கலாம். நெம்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது சரியாகாது. கோஸ்க் சோதனையிலும் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. ஒரே கிடப்பில் இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து, அதன் சராசரி 2 விநாடியைத் தாண்டினால் வெளியே தள்ளிவிடுவார்கள்.

கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஜான் ஹாரிசன் செய்த எச்4 கடிகாரம் 1761-ல் இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. அவர் மகன் வில்லியம்தான் கூடப் போனவர். 81 நாள் கழித்துப் பார்த்தபோது தப்பு 5 விநாடி என்று படித்திருப்பாய். அதன் அர்த்தம் கடிகாரம் 5 விநாடிதான் தள்ளியது என்பதல்ல. நாளுக்கு 2 விநாடிக்கு மேல் பிந்தும் என்று புறப்படும் முன்பே தெரியும். அந்தத் தெரிந்த தள்ளலைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் 5 விநாடி. கடிகாரம் பிந்தியதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. தினம் ஒரே அளவு பிந்தியதே, அதற்குத்தான் மதிப்பு.

ஆகவே உன் நோட்டில் ஏழு நாள் எண்ணையும் எழுதி, மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழி. 10-க்குள் இருந்தால் வாட்ச் நன்றாக இருக்கிறது. 20, 30 என்று போனால் சர்வீஸ். இந்த எல்லை என் அனுபவக் கணக்கு, புத்தகச் சட்டமில்லை. ஒரு நாள் நீ கிரிக்கெட் ஆடிவிட்டு, மறுநாள் படுத்துக் கிடந்து எடுத்த எண்ணை வைத்து வாட்ச்சைக் குறை சொல்லாதே.

ராத்திரி எப்படிப் படுக்க வைக்கிறாய்?

டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது பேலன்ஸ் வீலின் அச்சு தன் முனையில் பம்பரம் நிற்கிற மாதிரி நிற்கும், உராய்வு குறைவு. நிமிர்த்தி வைத்தால் அச்சின் பக்கவாட்டு உராயும், வீலின் வீச்சு குறையும், வேகமும் மாறும். எந்தப் பக்கம் மாறும், எவ்வளவு என்பது வாட்ச்சுக்கு வாட்ச் வேறு.

அதனால் முதல் வாரம் முடிந்ததும், கையில் கட்டாமல் ஒவ்வொரு நிலையிலும் ஒரு நாள் வை: டயல் மேலே, டயல் கீழே, சாவி மேலே, சாவி கீழே, சாவி இடப்பக்கம். நிமிர்த்தி நிறுத்த இரண்டு தடிமனான புத்தகத்துக்கு நடுவில் சொருகினால் போதும். எல்லாம் செய்யப் பொறுமை இல்லையா, டயல் மேலேயும் சாவி கீழேயும் மட்டும் பார். இடது கையில் கட்டுகிறவர்கள் கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது சாவி கீழேதான் இருக்கும், அதனால் அதுதான் பகலில் அடிக்கடி வருகிற நிலை. நீ வலது கையில் கட்டுகிறவனாச்சே, உனக்குச் சாவி மேலே.

இதில் ஒரு இலவச லாபம் உண்டு. பகலில் கையில் 8 விநாடி முந்துகிறது, ராத்திரி சாவி மேலே வைத்தால் 6 விநாடி பிந்துகிறது என்று வைத்துக்கொள். ராத்திரியெல்லாம் அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டால் நாளுக்கு 2 விநாடிதான் தள்ளும். பின்மூடியைத் திறக்காமலே வாட்ச்சைத் திருத்தியாயிற்று. எந்த நிலையில் பிந்துகிறது என்று உன் நோட்டுதான் சொல்லும். என் வாட்ச்சுக்கு நல்லது உன் வாட்ச்சுக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை.

நிலைக்கு நிலை வித்தியாசம் ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் அதுவும் சர்வீஸுக்கான அறிகுறி.

சாவி தளரும்போது

காலை 7 மணிக்கு முழுச் சாவி கொடுத்து, இரவு 7 மணிக்கு ஒரு ரீடிங், மறுநாள் காலை 7 மணிக்கு ஒரு ரீடிங். வாட்ச்சை அசைக்காமல் ஒரே இடத்தில் வை. முதல் 12 மணியும் அடுத்த 12 மணியும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ள வேண்டும். இரண்டாவது பாதியில் சட்டென்று மாறினால் சுருள்வில் பலவீனம், அல்லது எண்ணெய் காய்ந்து வீச்சு விழுகிறது. முழுச் சாவியில் எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்றும் ஒரு தடவை விட்டுப் பார். 40 மணி சுமாருக்கு ஓடினால் மகிழ்ச்சி. 24 மணிக்குள் படுத்துவிட்டால் மற்ற எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம், நேராகக் கடை.

திடீரென்று பறக்கிறதா?

நேற்று வரை நாளுக்கு 10 விநாடி, இன்றைக்கு ஐந்து நிமிஷம் ஃபாஸ்ட் என்றால் பதறாதே. முதல் சந்தேகம் காந்தம். பேலன்ஸ் வீலை ஆட்டுகிற மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் ஓட்டமாக ஓடும். காந்தம் எங்கே வரும் என்கிறாயா? உன் டேப்லெட் கவர், புளூடூத் ஸ்பீக்கர், இயர்போன் டப்பா, ஹேண்ட்பேக்கின் மூடி, காரில் போனை ஒட்டவைக்கும் ஸ்டாண்டு. ராத்திரி லேப்டாப் மேல் வாட்ச்சைக் கழற்றி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விடு.

போனில் திசைகாட்டி ஆப் திறந்து, வாட்ச்சை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோ. ஊசி வெட்டி வெட்டி இழுத்தால் காந்தம் இருக்கலாம். வாட்ச்சுக்குள் எஃகுப் பாகங்கள் இருப்பதாலும் கொஞ்சம் அசையும், அதனால் காந்தம் படாத இன்னொரு வாட்ச்சோடு ஒப்பிட்டுப் பார். காந்தம் எடுக்கும் கருவி எந்த நல்ல ரிப்பேர் கடையிலும் இருக்கும், சில விநாடி வேலை. இதற்காகவே "முழு சர்வீஸ் பண்ணணும் சார்" என்று சொல்கிற கடையில் உட்காராதே.

ஃபாஸ்ட்டுக்கு இன்னொரு காரணம், கீழே விழுந்து ஸ்பிரிங் சுருள் சிக்கியிருப்பது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

வெயிலுக்கு வாட்ச் மாறாதா என்று கேட்பாய். பழைய எஃகு ஸ்பிரிங் காலத்தில் நன்றாகவே மாறும். வெப்பத்துக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்த கியோம் என்கிற விஞ்ஞானிக்கு 1920-ல் இயற்பியல் நோபலே கொடுத்தார்கள். அதற்குப் பிந்தைய வாட்ச்சில் நம் ஊர் மே மாத வெயிலுக்குப் பெரிய வித்தியாசம் வராது. டூவீலர் டேங்க் மேல் வெயிலில் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

மெஷினும் ஆப்பும்

கடையில் டைம்கிராஃபர் என்று ஒரு மெஷின் இருக்கும். வாட்ச்சின் டிக் ஒலியை மைக்கில் கேட்டு மூன்று எண் காட்டும்: நாளுக்கு எத்தனை விநாடி, பேலன்ஸ் வீலின் வீச்சு எத்தனை டிகிரி, பீட் எரர் எத்தனை மில்லி விநாடி. பலர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டாவதை. முழுச் சாவியில் டயல் மேலே வைத்து 270-க்கு மேல் இருந்தால் நல்ல உடம்பு. பழைய வாட்ச்சுக்கு 240, 250-கூடப் பரவாயில்லை. 200-க்குக் கீழே என்றால், விநாடி எண் பூஜ்யமே காட்டினாலும் வாட்ச் சர்வீஸ் கேட்கிறது. பீட் எரர் என்பது "டிக்"குக்கும் "டாக்"குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம். 1 மில்லி விநாடிக்குள் இருந்தால் போதும்.

ஒன்று கவனி: இந்த மெஷினில் லிஃப்ட் ஆங்கிள் என்று ஓர் அளவு கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 52 டிகிரி என்று வைத்தபடியே இருக்கும். உன் இயந்திரத்துக்கு அது வேறாக இருந்தால் வீச்சு எண் தப்பாக வரும், விநாடி எண் மாறாது.

போன் ஆப்பும் இதே வேலையைச் செய்யும். மின்விசிறியை நிறுத்து, ஃபிரிட்ஜ் இருக்கும் அறையை விட்டு வா, மைக் ஓட்டைமேல் வாட்ச்சை ஒட்டி வை. விநாடி எண் ஓரளவு சரியாக வரும், வீச்சு எண்ணை அவ்வளவாக நம்பாதே. மெஷினோ ஆப்போ, இரண்டும் அந்த அரை நிமிஷத்தின் நாடித் துடிப்பைத்தான் பிடிக்கின்றன. நாள் முழுக்க உன் கையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு நோட்டுக்கு மிஞ்சியது கிடையாது.

ஆன்லைனில் புதுப்பித்த எச்.எம்.டி. என்று பளபளப்பாக விற்கிறார்களே, அதில் இரண்டு மூன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பலதில் டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து, வெவ்வேறு வாட்ச்சின் பாகங்களைக் கோத்திருப்பார்கள். உள்ளே எண்ணெய் போட்டிருப்பார்கள் என்ற நிச்சயமில்லை. வாங்கினால் அழகுக்கு வாங்கு. நேரத்துக்கு வாங்கினால், வந்தவுடனே சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

கடைக்குப் போகும்போது

நீயே பின்மூடியைத் திறக்காதே. யூடியூபில் எளிதாகத் தெரியும். ஹேர் ஸ்பிரிங்கில் ஸ்க்ரூடிரைவர் முனை ஒரு தடவை பட்டால் முடிந்தது கதை.

நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டு. "ஏழு நாள் சராசரி +14, அதிகம் +17, குறைவு +12, டயல் மேலே +18, சாவி மேலே +5" என்று சொன்னால் வேலை தெரிந்தவர் முகமே மாறும். அவருக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரிந்துவிடும். தள்ளல் சீராக இருந்தால் "ரெகுலேட் மட்டும் பண்ணுங்க அண்ணே" என்று கேள். தாறுமாறாக இருந்தால், கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போடச் சொல். ஸ்பிரே அடித்துத் துடைத்து மூடுவது சர்வீஸ் இல்லை. அப்பா வாட்ச் கடைசியாக எப்போது எண்ணெய் பார்த்தது என்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போ. ஐந்து வருஷத்தைத் தாண்டியிருந்தால் எண் நன்றாக இருந்தாலும் செய்துவிடு. காய்ந்த முனைகள் சத்தமில்லாமல் தேயும், அந்தப் பாகங்கள் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை.

கொஞ்சம் ஃபாஸ்ட்டாக வைக்கச் சொல், பூஜ்யம் கேட்காதே. நாளுக்கு 5, 6 விநாடி முந்துகிற வாட்ச்சை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை திருத்திக்கொள்ளலாம். பிந்துகிற வாட்ச்சால்தான் பஸ் தவறும்.

வாங்கும்போது டைம்கிராஃபரில் டயல் மேலே ஒன்று, சாவி மேலே ஒன்று என இரண்டு ரீடிங் எடுத்துக் காட்டச் சொல், வீச்சு எண்ணோடு. வீட்டுக்கு வந்து மறுபடி ஏழு நாள் எழுது. மெஷின் இல்லை, இருந்தாலும் காட்ட மாட்டேன் என்கிற கடையில் பேரம் பேசிக்கொண்டு நிற்காதே, அடுத்த கடைக்குப் போ.